ஒரு செமஸ்டர் கோலாலம்பூரில்: முதலில் எதைச் செய்வது, அரசியல் பேசலாமா?

திருச்சிக்காரன்:

வணக்கம். அரசியல் அறிவியல் மூன்றாமாண்டு. பரிமாற்றத் திட்டத்தில் அக்டோபர் முதல் வாரம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன், ஒரே ஒரு செமஸ்டர். விசா அனுமதிக் கடிதம் வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் போடவில்லை.

இறங்கியதும் எதை முதலில் முடிப்பது? சிம்மா, வங்கிக் கணக்கா, மருத்துவப் பரிசோதனையா? ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். அடுத்தது, 2018 முதல் 2022 வரை மட்டும் நாலு பேர் பிரதமராகப் பதவியேற்றிருக்கிறார்கள்; இனம், மதம் என்று நாடு பிரிந்து கிடக்கிறது என்றே செய்திகளில் படிக்கிறேன். விடுதியில், வகுப்பில் அரசியல் பேசலாமா? பேரணி நடந்தால் போய்ப் பார்க்கலாமா? என் புராஜெக்டே தேர்தல் அரசியல்தான், அதனால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது.

பந்தாய் டாலாம்:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு முடிச்சு ஒரே இடத்தில் இருக்கிறது: கடப்பிதழ். நீங்கள் பாஸ்போர்ட் என்பீர்கள். மாணவர் அனுமதி ஒட்டுவதற்காகப் பல்கலைக்கழகம் அதை வாங்கிக்கொள்ளும். திரும்பிவரச் சில வாரம் ஆகலாம். எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதெல்லாம் இந்த இடைவெளியை வைத்துத்தான்.

டிக்கெட் போடும் முன் அனைத்துலக மாணவர் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, கடிதத்தோடு ஒற்றை நுழைவு விசாவும் எடுக்க வேண்டுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறதே என்று சுற்றுப்பயணியாக நுழைந்துவிடக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். சுற்றுப்பயணியாக முத்திரை விழுந்துவிட்டால் அதை மாணவர் அனுமதியாக மாற்றுவது பெரிய தலைவலி. வெளியே போய்த் திரும்ப வரச் சொல்லலாம். விமான நிலையத்தில் ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போய், கடிதத்தை நீட்டி, மாணவர் என்று சொல்லுங்கள். திங்கள் முதல் புதனுக்குள் இறங்குவது நல்லது. வெள்ளி இரவு வந்தால் இரண்டு நாள் எந்த அலுவலகமும் இல்லை.

மலேசிய மின்னியல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் அது குடிநுழைவுத் துறையின் (இமிகிரேஷன்) தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

இறங்கிய அன்றே சிம். கடப்பிதழைக் காட்டினால்தான் சிம் தருவார்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் கடப்பிதழ் அலுவலகத்தில் இருக்கும். அன்றைக்கே விவரப் பக்கம், நுழைவு முத்திரைப் பக்கம், அனுமதிக் கடிதம் மூன்றையும் மூன்று செட் நகல் எடுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் இருக்கட்டும்.

மருத்துவப் பரிசோதனை வந்த 7 நாளுக்குள். இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்துவிட்டுச் சிறுநீர் கொடுத்தால் போதைப்பொருள் சோதனையில் சிக்கல் வரும். எந்த மருந்தானாலும் மருத்துவர் சீட்டைக் கொண்டுவாருங்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் கடப்பிதழை ஒப்படைப்பது. ஒப்படைக்கும்போதே 'இன்னாருடைய கடப்பிதழ் எங்களிடம் இருக்கிறது' என்று முத்திரை போட்ட கடிதம் கேட்டு வாங்குங்கள். அவர்களாகக் கொடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். சாலையில் போலீசோ குடிநுழைவு அதிகாரியோ நிறுத்தினால் அந்தக் கடிதமும் நகலும்தான் உங்களுக்குத் துணை. அது திரும்பி வரும்வரை சிங்கப்பூர், தாய்லாந்தின் ஹாட்யாய் என்று யார் கூப்பிட்டாலும் போக வழியில்லை. மலேசியாவுக்குள்ளேயே சபா, சரவாக் மாநிலங்களுக்குப் போவதென்றாலும் அங்கே தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு.

வங்கிக் கணக்கு கடைசி. மாணவர் அனுமதி ஒட்டிய கடப்பிதழைத்தான் கேட்பார்கள். நாலைந்து மாதத்துக்கு அது தேவையா என்பதே சந்தேகம். ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் ரொக்க ரிங்கிட்டும் போதும்.

போக்குவரத்து: ரேப்பிட் என்ற நகரப் பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், பணம் ஏற்றிக்கொள்ளும் டச் என் கோ அட்டை வேண்டும். எல்லாரும் சொல்லும் 50 ரிங்கிட் மாதப் பாஸ், மை50, குடிமக்களுக்கு மட்டும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கே.எல். (கோலாலம்பூர்) செண்ட்ரல் நிலையத்திலிருந்து கிளானா ஜெயா ரயில் தடத்தில் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி தாண்டினால் யுனிவர்சிட்டி நிலையம். அங்கிருந்து டி789 பேருந்து வளாகத்துக்குள் போகும். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் 55 ரிங்கிட், பேருந்தில் வந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது.

வெளியே அறை தேடாதீர்கள், விடுதியே எடுங்கள். இங்கே இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், அதற்கு மேல் முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓராண்டு. பாதியில் போனால் முன்பணம் போச்சு. நம்மூர் உருண்டைக் கால் பிளக் இங்கே நுழையாது, சதுரக் கால் மூன்று பின் அடாப்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டப்பிரிவு:

மேலே சொன்னவர் அரசியல் பக்கத்தை விட்டுவிட்டார். அதில் சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம், 4ஆம் பிரிவு: குடிமகன் அல்லாதவர் பேரணியை ஏற்பாடு செய்வதும் குற்றம், கலந்துகொள்வதும் குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட் வரை. உள்ளூர் மாணவருக்குப் பேரணி ஓர் உரிமை. பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு அதே பேரணி குற்றம். நண்பர்கள் இழுப்பார்கள். அவர்களுக்கு இந்தப் பிரிவு தெரிந்திருக்காது.

1948ஆம் ஆண்டு நிந்தனைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இணையத்தில் போடுவதற்கும் அனுப்புவதற்கும். இனம், மதம், அரச பரம்பரை ஆகிய மூன்றையும் இங்கே 'த்ரீ ஆர்' என்பார்கள். வழக்குகள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். முகநூலில் நீங்கள் எழுதாவிட்டாலும், புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்ததை முன்னனுப்பினாலும் பெயர் உங்களுடையதுதான். மாமன்னரையும் மாநில சுல்தான்களையும் பற்றி வேடிக்கைப் படம் போடும் பழக்கம் இருந்தால் விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. விடுதலைப் புலிகள் அமைப்பு மலேசியாவில் 2014 முதல் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் உள்ளது. 2019 அக்டோபரில் அந்த அமைப்போடு தொடர்பு என்று 12 பேர் கைதானார்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட. 2020 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அதுவரை அவர்கள் காவலில்தான் இருந்தார்கள், கைப்பேசியில் இருந்த படங்களும் குற்றச்சாட்டுகளில் வந்தன. ஊரில் சாதாரணமாக அணியும் புலிச் சின்னச் சட்டை, தலைவர் படம் போட்ட முகப்புப் படம், கார் ஸ்டிக்கர் எதையும் பெட்டியிலும் கைப்பேசியிலும் கொண்டுவர வேண்டாம்.

திருச்சிக்காரன்:

கடைசி விஷயம் தெரியவே தெரியாது, நன்றி. பேரணியைத் தள்ளி நின்று பார்ப்பதும் கூடாதா? வளாகத்துக்குள் நடக்கும் மாணவர் தேர்தல்?

சட்டப்பிரிவு:

தள்ளி நின்றவர், கலந்துகொண்டவர் என்று அந்த நேரத்தில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? வழக்கே போடாமல் குடிநுழைவுத் துறை அனுமதியை ரத்து செய்தாலே உங்கள் செமஸ்டர் முடிந்தது. டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் கூட்டம் என்றால் அன்றைக்கு அருகிலுள்ள மஸ்ஜித் ஜாமெக் பக்கம் துணி வாங்கப் போவதையும் தள்ளிப்போடுங்கள்.

மாணவர் தேர்தலைத் தாராளமாகப் பாருங்கள். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தில் வளாகத்துக்குள் கட்சி அரசியலைத் தடுத்த பிரிவை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது, அதனால் பேச்சு சூடாகவே இருக்கும். துண்டறிக்கை கொடுக்க மட்டும் போகாதீர்கள்.

ஜெலுத்தோங்:

இப்படியே பயமுறுத்தினால் தம்பி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மேகியைத் தின்றுகொண்டு கிடப்பார். பினாங்கிலானாலும் கே.எல்.லிலானாலும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) நாலு பேர் உட்கார்ந்தால் அரசியல்தான் லா. பேசலாம். எப்படிப் பேசுவது என்பதுதான் விஷயம்.

முதலில், 'மலாய்க்காரர் ஒரு பக்கம், சீனரும் இந்தியரும் இன்னொரு பக்கம்' என்ற கணக்கோடு வராதீர்கள். 2022 நவம்பர் 19 தேர்தலில் 222 இடத்தில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 கிடைக்கவில்லை. அப்படித் தொங்கு நாடாளுமன்றம் வந்தது அதுதான் முதல் தடவை. தனிக்கட்சிகளில் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி 43 இடத்தோடு முதலில் வந்தது, எதிர்க்கட்சியில் உட்கார்ந்தது. பல்லாண்டு பகையாளிகளான அம்னோவும் (மலாய்க்காரர் கட்சி) ஜசெகவும் (ஜனநாயக செயல் கட்சி) ஒரே அரசில் சேர்ந்தன. நம்மவர்களே மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்), ஜசெக, பிகேஆர் (மக்கள் நீதிக் கட்சி) என்று பிரிந்து நிற்கிறோம். ஒரே வீட்டில் அப்பா ஒன்று, மகள் ஒன்று. பாஸ் செல்வாக்குள்ள கிளந்தான் மாநிலப் பையன் அறைத்தோழனாக வந்தால் பாஸ் என்று முடிவுகட்டாதீர்கள், பாஸாகவே இருந்தாலும் உங்களுக்குச் சோறு வாங்கிவரப் போவது அவன்தான்.

வார்த்தை கவனம். 'கெலிங்' என்பது இந்தியர்களை இழிவாகச் சொல்வது. கேட்டுச் சிரித்துவிட்டு நீங்களும் சொல்லிவிடாதீர்கள். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறதே என்று கேட்டால், அது பழைய பெயர், அந்த இடத்துக்கு மட்டும். 'பெண்டாதாங்', அதாவது வந்தேறி, அதைவிட மோசம். அதனால் 'நீங்கள் எப்போது இந்தியாவிலிருந்து வந்தீர்கள்' என்று இங்கே பிறந்தவர்களிடம் கேட்காதீர்கள். அன்பாகக் கேட்டாலும் அந்த வார்த்தையின் வாடை அடிக்கும். 'உங்கள் ஊர் எது' என்று கேளுங்கள். தைப்பிங், கிள்ளான், சுங்கை சிப்புட் என்று பதில் வரும், பேச்சும் நீளும்.

கோயில் விஷயத்தில் ஊர்ப் புலனக் குழுக்களை நம்பாதீர்கள். 2025 மார்ச்சில் கே.எல். மஸ்ஜித் இந்தியா பக்கத்துப் பத்ரகாளியம்மன் கோயில் பிரச்சினை வந்தபோது பேசப்பட்டது அருகிலேயே வேறு இடத்துக்கு மாற்றுவது. 'இடித்துவிட்டார்கள்' என்று வரும் செய்தியை இங்கே உட்கார்ந்து முன்னனுப்பினால் மேலே அண்ணன் சொன்ன 233தான்.

கிராப் வாடகைக்கார் ஓட்டுநர் 'நீ எந்தக் கட்சி' என்று கேட்டால், 'சாயா பாரு சம்பாய், தாக் தாவு லாகி' என்று சொல்லுங்கள். இப்போதுதான் வந்தேன், இன்னும் தெரியாது என்று அர்த்தம். சிரித்துவிட்டு அவரே முழுக்கதையும் சொல்வார். புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

ஆனால் அதை அப்படியே பேட்டி என்று எழுதிவிடாதீர்கள். கேள்வித்தாளோ பதிவுசெய்த பேட்டியோ எதுவானாலும் துறையின் நெறிமுறைக் குழு அனுமதி முதலில். அதற்கு நாள் பிடிக்கும், முதல் வாரமே விண்ணப்பத்தைக் கேளுங்கள். 'யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்' என்று கேட்டால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். 'இந்தத் தொகுதியில் எந்தப் பிரச்சினை பேசப்பட்டது' என்று கேட்டால் தானாகக் கட்சி வெளியே வரும். அனுமதி வரும்வரை நாடாளுமன்ற இணையதளத்தில் அவை நடவடிக்கைக் குறிப்புகளைப் படிக்கலாம், இலவசம், மலாயில் இருக்கும். நூறு மலாய்ச் சொல் தெரிந்தாலே தலைப்பு பிடிபடும்.

பந்தாய் டாலாம்:

அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்று சேர்க்கணும். கடப்பிதழ் அலுவலகத்தில் இருக்கும்போது அக்காவின் ஊரான பினாங்குக்கு ரயிலில் போக நினைத்தால், டிக்கெட்டில் கடப்பிதழ் எண் கேட்பார்கள். நகலில் இருக்கும் எண்ணையே போடலாம், கடிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடித்தால் ஜார்ஜ்டவுன்.