பழைய சிடி பிளேயருக்கு 9 வோல்ட் அடப்டர் குத்தலாமா?

அக்கரைப்பற்று_24:
அண்ணன்மார், நானாமார், சின்ன உதவி ஒண்டு. சவூதியில இருந்து வந்த கைச் சிடி பிளேயர் கிடக்கு. உம்மா கிறாஅத் (குர்ஆன் ஓதல்) இறுவட்டு போட்டுக் கேக்க ஆசைப்படுறா. அடப்டர் தொலைஞ்சிட்டு. பிளேயரின்ட பக்கத்தில டிசி 4.5 வோல்ட் எண்டு இருக்கு. வீட்டில ரவுட்டரின்ட 9 வோல்ட் அடப்டர் இருக்கு, ஓட்டைக்கும் சரியாப் பொருந்துது. குத்தலாமா?
பெட்டிக்கடையில வாங்கின 2 டபுள் ஏ பற்றரி போட்டால் திரை எரியுது, கொஞ்சம் சுத்திப் பாக்குது, பிறகு ‘நோ டிஸ்க்’. கடையில வாங்கின சிடி ஒண்டு பாடினது, ஆனால் விட்டு விட்டு. கம்பியூட்டரில எழுதினது ஒண்டும் எடுக்கயில்ல.

வாவிக்கரை:
குத்த ஒண்ணா. ஓட்டைக்குப் பொருந்துறது எதுக்கும் சாட்சியில்ல, ஒரே அளவு முனை 3 வோல்ட்டிலயும் வருது, 12 வோல்ட்டிலயும் வருது. இந்தப் பிளேயர் 2 பற்றரியின்ட 3 வோல்ட்டில ஓடுற சாமான். அதுக்குள்ள 9 போனால் முதலில போறது மின் அழுத்தத்தைப் பிரிச்சுக் குடுக்கிற சின்னச் சிப், மறுகா மோட்டரை ஓட்டுற சிப். அதுகளை மாத்திற செலவுக்கு வேற பிளேயர் வாங்கலாம்.

அடப்டர் வாங்கப் போகேக்க மூண்டைப் பாருங்க. வோல்ட் 4.5 ஆகவே இருக்க வேணும். மில்லி அம்பியர் பிளேயரில எழுதினதுக்குச் சமனா, இல்லாட்டிக் கூட இருக்கலாம், குறையக் கூடாது. மூண்டாவதுதான் ஆக்கள் பாக்காம விடுறது, முனையின்ட திசை. பிளேயரில ஓட்டைக்குப் பக்கத்தில ஒரு புள்ளியும் அதைச் சுத்தி ‘சி’ மாதிரி வளைவும் கீறியிருக்கும். புள்ளியில இருந்து போற கோடு + அடையாளத்தில முடிஞ்சால் உள்முனை பொசிற்றிவ். − எண்டால் நெகற்றிவ். அடப்டரிலயும் அதே படம் இருக்கும், ரெண்டும் ஒண்டாக வேணும். பழைய மொடல்களில உள்முனை நெகற்றிவும் உண்டு, அதனால் ‘எல்லாம் ஒண்டுதானே’ எண்டு கடைக்காரர் சொன்னாலும் பிளேயரைக் கையில கொண்டு போங்க.

பாரமான பழைய ட்ரான்ஸ்ஃபோமர் அடப்டரை மல்டிமீற்றரில வெறுமனே அளந்தால் 4.5 எண்டு எழுதியிருந்தும் 6, 7 காட்டும். அது சுமை இல்லாததால வாற ஏற்றம். எண்டாலும் பாரமில்லாத சுவிச்சிங் வகைதான் நல்லது.

ஜப்பானில இருந்தோ கனடாவில இருந்தோ வந்த அடப்டர் எண்டால் இன்புட்டைப் பாருங்க. 100 அல்லது 120 வோல்ட் மட்டும் எண்டு இருந்தால் நம்மட 230 கறன்ட்டில குத்தின உடனே கருகும். 100–240 எண்டால் பிரச்சினை இல்ல, பிளக்குக்கு ஏத்த மாத்துக் கட்டை மட்டும் போதும்.

இனி பற்றரி. உங்கட ‘நோ டிஸ்க்’ அதாலதான் வருது எண்டு நினைக்கிறன். மோட்டர் இறுவட்டைக் கிளப்புற அந்த முதல் செக்கனிலதான் ஆகக் கூடின கறன்ட் இழுக்கும். மலிவுச் சாதாரண பற்றரி அந்த நேரம் படுத்திடும். திரைக்குக் காணும், மோட்டருக்குக் காணாது. அல்கலைன் போடுங்க, ரெண்டும் ஒரே பக்கற்றில எடுத்ததா இருக்கட்டும். சார்ஜ் பண்ணுற நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் 1.2 வோல்ட்தான், எண்டாலும் அநேகமா ஓடும். சாதாரண பற்றரியை உள்ள வச்சுக்கொண்டு சார்ஜ் பொத்தானைத் தொடவே ஒண்ணா, கசியும், வெடிக்கவும் கூடும்.

பற்றரி அறையின்ட சுருளில வெள்ளை உப்பு மாதிரிப் பூத்திருந்தால் அது அல்கலைன் கசிஞ்சது, காரம். கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியில தேசிக்காய்ப் புளி தொட்டுத் துடைச்சு, பிறகு அல்ககோல் தொட்டுக் காய விடுங்க. பாவிக்காத நாளில பற்றரியைக் கழட்டி வைங்க.

கல்லடிக்_காத்து:
அடப்டர் கதையை வாவிக்கரை முடிச்சிட்டார். விட்டு விட்டுப் பாடுறது லென்ஸ். கச்சான் காலத்துத் தூசியும் வாடைக்கு ஏறுற ஈரமும் சேர்ந்தால் கடலோரத்தில எந்த லென்ஸும் மங்கும்.

மூடியைத் திறந்தால் நீலச் சாயல் உள்ள கடுகளவு கண்ணாடிப் பொட்டு தெரியும், அதுதான். வாயால ஊத ஒண்ணா, எச்சில் தெறிச்சுக் காய்ஞ்சால் இன்னும் மோசம். கமராவுக்குப் பாவிக்கிற ரப்பர் ஊதியால ஊதுங்க. காணாட்டி பாமசியில ஐசோப்புரோப்பைல் அல்ககோல் வாங்கி, பஞ்சுக் குச்சியை நனைச்சுப் பிழிஞ்சு, ரெண்டு சுத்து மெல்லத் தடவுங்க. அந்த லென்ஸ் தலைமயிர் மாதிரிக் கம்பியில தொங்குது, அமத்தினால் சரிஞ்சிடும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சிலதில எண்ணெய் கலந்திருக்கும், படலம் விடும்.

இறுவட்டைப் போடேக்க நடுவில ரெண்டு விரலால அமத்துங்க, ‘டக்’ எண்டு பிடிக்க வேணும். பிடிக்காட்டி ஆடி மூடியில உரசும். துடைக்கிறது நடுவில இருந்து வெளி விளிம்புக்கு நேராத்தான், வட்டமா இல்ல. ஏனெண்டால் தடம் வட்டமா ஓடுது. தடத்தைக் குறுக்கே வெட்டுற கீறலைப் பிளேயர் தானே ஈடுகட்டும், கிட்டத்தட்ட 2.5 மில்லிமீற்றர் இழப்பு வரைக்கும். தடத்தோட ஓடுற கீறல் அதைத் தாண்டி நீளும், அதிலதான் பாட்டு குதிக்கும். இன்னுமொண்டு, படம் அச்சடிச்ச மேல்பக்கம்தான் மெல்லிசு. அலுமினியப் படலம் அதுக்குக் கீழதான் கிடக்கு. அங்க கீறு விழுந்தால் திருத்தவே ஏலாது. கடுதாசி ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க, பாரம் ஒருபக்கம் சாயும்.

எழுதின சிடி எடுக்காததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். மூடியில எம்பி3 எண்டு அடையாளம் இல்லாட்டி, கோப்பை அப்பிடியே எழுதினால் அதுக்கு விளங்காது. மென்பொருளில ‘ஓடியோ சிடி’ எண்டு தெரிவு செய்யுங்க, 80 நிமிசத்துக்கு மேல போகாது. மற்றது, திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகை வேண்டாம், ஒளியைக் குறையத் திருப்பும், பழைய பிளேயர் பிடிக்காது. ஒருதரம் மட்டும் எழுதுற ஆர் வகையில, நிதானமான வேகத்தில எழுதி, கடைசியில ‘ஃபைனலைஸ்’ பண்ணி முடியுங்க.

அக்கரைப்பற்று_24:
வடிவா விளங்குது. படத்தில உள்முனை +. ஃபோன் சார்ஜரின்ட 5 வோல்ட்டை வயர் வெட்டிக் குடுத்தால்? அரை வோல்ட்தானே கூட.

வாவிக்கரை:
அரை வோல்ட்டுக்கு அநேகமா ஒண்டும் ஆகாது, நேரக் குடுக்கிற ஆக்களும் இருக்காங்க. நான் சொல்ல மாட்டன். பொசிற்றிவ் வயரில 1என்4007 டையோட் ஒண்டு தொடுத்தால் 0.7 வோல்ட் அளவு இறங்கி 4.3க்கு வந்திடும். வெள்ளி வளையம் உள்ள பக்கம் பிளேயரை நோக்கி. மேல இன்சுலேசன் ரேப் சுத்துங்க, சும்மா விட்டால் சோட் ஆகும். ஸ்பீக்கரில ‘ம்ம்’ எண்டு இரைச்சல் வந்தால் சார்ஜரை மாத்துங்க.

நற்பிட்டிமுனை:
எல்லாரும் விட்ட ஒண்டு: முதலில ‘ஹோல்ட்’ சுவிச்சைப் பாருங்க. அது போட்டிருந்தால் ஒரு பொத்தானும் வேலை செய்யாது, பிளேயர் செத்துப் போச்செண்டு நினைக்கிறது அதாலதான்.

மூடிக்கிட்ட ஒரு சின்ன ஊசிச் சுவிச் இருக்கும். இறுவட்டு சுத்துறதைப் பாக்க அதை ரேப் வச்சு அமத்திப் பிடிக்க ஒண்ணா, மூடி திறந்திருக்கேக்கயே லேசர் எரியும். லேசர் 780 நனோமீற்றர், கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. தெரியாட்டியும் கண்ணுக்குள்ள போகும். பிள்ளைகளுக்கும் சொல்லி வைங்க.

குளிரூட்டின அறையில இருந்து வெக்கைக்குக் கொண்டு வந்தால் லென்ஸில பனி பிடிக்கும். பற்றரியைக் கழட்டி, மூடியைத் திறந்து ஒரு மணித்தியாலம் வைங்க. மாரிக்கு டப்பாவில சிலிக்கா ஜெல் பக்கற் ரெண்டு போட்டு வைக்கலாம்.

உம்மா ஹெட்போனில கேக்கிறதெண்டால் சத்தத்தை அடியில இருந்து கூட்டுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு 80 டெசிபல், கிழமைக்கு 40 மணித்தியாலம். பிளேயரில அளவுகோல் இல்ல, அதனால் பக்கத்தில நிண்டு கூப்பிட்டால் கேக்குதோ எண்டு பாருங்க. கேக்காட்டிக் குறையுங்க. காது மந்தமெண்டு கூட்டிக் கூட்டி வைக்கிறதிலயும் வெளி ஸ்பீக்கர் நல்லது: 3.5 மில்லிமீற்றர் வயரை ‘லைன் அவுட்’ ஓட்டையில குத்துங்க. அது இல்லாத மொடல் எண்டால் ஹெட்போன் ஓட்டையில, பிளேயர் சத்தம் அரைவாசியில வச்சு, மிச்சத்தை ஸ்பீக்கரில கூட்டுங்க. மேசையில வச்சுக் கேக்கேக்க குலுக்கல் தாங்கி பொத்தானை நிப்பாட்டி விடுங்க, பற்றரி மிஞ்சும். அது குலுக்கலுக்குத்தான், கீறின இறுவட்டுக்கு உதவாது.