விதைநெல் பையில் பெயர் போடலாமா?

பறக்கை வயக்காடு: நாங்கள் சிலர் சேர்ந்து கும்பப்பூ போகத்துக்கு விதைநெல் எடுத்து வைத்திருக்கிறோம். அம்பை 16, டிபிஎஸ் 5, கொஞ்சம் கட்டிச்சம்பா என்று மூன்று ரகம். இதுவரை ஊருக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஐந்து கிலோ பையில் குழுப் பெயரும் ரகத்தின் பெயரும் அச்சடித்து வடசேரி சந்தையில் விற்கலாம் என்று பேச்சு. கேஸ் போட்டுவிடுவார்கள் என்கிறார் ஒருவர். உண்மையா?

விதைக்கடை: பயம் நியாயம்தான். லைசென்ஸ் வாங்கி, பில் போட்டு விற்கிற எங்களிடமே தரம் பார்க்க மாதிரி எடுக்க ஆள் வருகிறது. நீங்கள் மட்டும் சும்மா விற்பீர்களோ?

இரணியல்காரன்: 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் படியுங்கள். விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உழவருக்கு உரிமை உண்டு, பாதுகாக்கப்பட்ட ரகமாக, அதாவது அந்தச் சட்டப்படி ஒருவர் தன் பெயரில் பதிந்து வைத்த ரகமாக இருந்தாலும். புது ரகங்களை உருவாக்கியவரின் உரிமையைக் காக்கும் யுபிஓவி என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் சேராமல் நம் நாடு தனியாக எழுதிய சட்டம் இது. யாரைக் கேட்க வேண்டும்?

தக்கலை வக்கீல்: அடுத்த வரியையும் படியுங்கள் அண்ணாச்சி. பாதுகாக்கப்பட்ட ரகம் என்று தெரியும்படி லேபிள் ஒட்டி, பையில் அடைத்து விற்கக் கூடாது. சிக்கல் பையில்தான் இருக்கிறது. அம்பை 16 வந்தது 1986இல். நெல்லுக்குப் பாதுகாப்பு 15 வருடம்தான், ஆகவே அதில் தொல்லை இல்லை. டிபிஎஸ் 5 பதிவில் இருக்கிறதா என்று, அந்தச் சட்டப்படி ரகங்களைப் பதிகிற ஆணையத்தின் பதிவேட்டில் பார்த்துவிட்டு அச்சடியுங்கள்.

இரணியல்காரன்: பதிவேடு பார்த்துத்தான் விதை விற்கணுமா? 2019இல் குஜராத்தில், பெப்சிகோ தன் பெயரில் பதிந்திருந்த எஃப்எல் 2027 உருளைக்கிழங்கைப் போட்ட நாலு விவசாயிகளிடம் தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. 39ஆம் பிரிவு அப்போதும் புத்தகத்தில் இருந்தது.

தக்கலை வக்கீல்: இருந்ததால்தான் வாபஸ். ஆனால் முழுக்கதையையும் சொல்லுங்கள். 2021இல் ஆணையம் அந்த ரகத்தின் பதிவை ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ரத்தையே நீக்கிவிட்டது. பறக்கைக்காரருக்கு உண்மையான இடைஞ்சல், விற்கிற விதையின் தரத்தைக் கட்டுப்படுத்தும் 1966 விதைச் சட்டம். சொந்த இடத்தில் வைத்து இன்னொரு விவசாயிக்கு நேரடியாகக் கொடுத்தால் அதன் 24ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சந்தைக்குக் கொண்டுபோனால் அந்த விலக்கு போச்சு. வியாபாரமாகச் செய்தால் 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமமும் வேண்டும்.

ஈத்தாமொழி தென்னை: கட்டிச்சம்பாவுக்கு மட்டி வாழை மாதிரி புவிசார் குறியீடு வாங்கிவிட்டால் போதாதா?

தக்கலை வக்கீல்: அது பெயரைக் காக்கும். கன்றையோ விதையையோ யாரும் கொண்டுபோய் நடுவதைத் தடுக்காது.

இரணியல்காரன்: பார்த்தீர்களா, கம்பெனி விதைக்கு ஒரு நியாயம், பத்தாயத்து நெல்லுக்கு ஒரு நியாயம். விதை பொய்த்தால் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று அதே 39இல் இருக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரன் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறான்?

விதைக்கடை: உங்கள் பையை வாங்குகிறவனும் இரண்டு ஏக்கர்க்காரன்தானே? சான்று விதைநெல் குறைந்தது 80 சதவீதம் முளைக்கணும், ஈரம் 13க்கு மேல் போகக் கூடாது. முளைக்காமல் போனால் அவனுக்கு ஒரு போகமே போச்சு. அப்போது யார் வீட்டுக்கு வருவான்?

பறக்கை வயக்காடு: முளைப்பு பார்க்காமல் கொடுப்பதில்லை. நூறு நெல்லை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து எண்ணுவோம். அதற்கு முன்னால் உப்புக் கரைசலில் போட்டுப் பதரைக் கழித்துவிடுவோம். கரைசலில் முட்டை மிதக்கிற பதம் வேண்டும். ஆனால் சான்று என்று காட்டக் காகிதம் கிடையாது.

விதைக்கடை: காகிதம் இல்லாமல் சந்தைக்கு வராதீர்கள்.

இரணியல்காரன்: 2025 நவம்பரில் வந்த விதை மசோதா வரைவு ஞாபகம் இருக்கட்டும். உழவர்களே வழிவழியாக வளர்த்துவந்த உழவர் ரகங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று அதில் சொல்லிவிட்டு, பிராண்ட் பெயரில் விற்கக் கூடாது என்ற அதே கொக்கியைப் போட்டிருக்கிறார்கள். கம்பெனிக்கு பிராண்ட் சொத்து, நமக்குக் குற்றம்.

தக்கலை வக்கீல்: அந்தக் கொக்கி வேண்டாம் என்று குழுக்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை பையை விடுங்கள். களத்தில் வைத்து, சாக்கில் அளந்து, கேட்டு வருகிறவருக்குக் கொடுங்கள்.

பறக்கை வயக்காடு: சரி. அச்சகத்தில் முன்பணம் கொடுத்தாச்சு, அதை என்ன செய்வது?

விதைக்கடை: அரிசிப் பை அடிக்கச் சொல்லுங்கள். கட்டிச்சம்பா அரிசி என்றால் நானே பத்துப் பை எடுக்கிறேன்.