துக்கத்தில் இருப்போருக்கான வேதபாடம்: ஆலோசனை வேண்டுகிறேன்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் இவ்வாண்டு மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்து இழப்பைச் சந்தித்தன. அவர்களுள் பதினாறு வயது மகனைப் பறிகொடுத்த தாயார் ஒருவர், "எல்லாம் தேவசித்தம் என்று சொல்பவர்களைக் கண்டாலே ஆலயத்துக்கு வரப் பிடிக்கவில்லை" என்று கூறியபோது, என்னால் பதில் சொல்ல இயலவில்லை. லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நான்கு வாரம் வேதபாடம் நடத்தும் பொறுப்பைப் போதகர் ஐயா இப்போது என்னிடம் ஒப்படைத்துள்ளார்.

பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த காட்சியிலிருந்து தொடங்க எண்ணுகிறேன் (அவர்கள் வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது என்பது என் எண்ணம்). அடுத்தது, எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் என்னும் வேதாகம நூல். அதன் ஐந்து அதிகாரங்களில் கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்னும் நம்பிக்கை நடுவிலுள்ள மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. ஆனால் நூலின் முடிவிலும் துயரம் தீர்ந்துவிடவில்லை. மரித்த லாசருவை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்ட யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தை மூன்றாம் வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

எனக்குத் தெளிவில்லாதவை இரண்டு. இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தை, துக்கம் ஆறாதவர்கள் முன் வாசிக்கலாமா? அவர்கள் அழுகையை அவசரமாக அடக்காமல் உயிர்த்தெழுதலின் நம்பிக்கைக்கு எப்படி வருவது? இத்தகைய கூட்டங்களை நடத்தியவர்களும், குறிப்பாக இழப்பைக் கடந்து வந்தவர்களும், தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றியுள்ளவனாயிருப்பேன். பொருத்தமான கீர்த்தனைகளையும் தெரிவியுங்கள்.