பிள்ளைகளுக்கு தண்ணி விளையாட்டு பார்ட்டி வெச்சவங்க, உங்க வீட்ல என்ன நடந்துச்சு?

பல்லாவரம்_அம்மா

போன வருஷம் மே மாசம், பையனோட ஆறாவது பிறந்தநாள். கத்திரி வெயில்ங்கறதால மொட்டை மாடில காத்தடிக்கிற பூல், வாட்டர் பலூன், தர்பூசணி. ஒன்பது பிள்ளைங்க, பெரியவங்க அஞ்சு பேர். அஞ்சு பேர் கண்ணும் பூல் மேலதான்.

பலூன் போட்டு வைக்க ஒரு நீல டப் ஓரமா இருந்துச்சு. பலூன் தீர்ந்ததுக்கு அப்புறம் அடியில தண்ணி மட்டும் கிடந்தது, ஒரு சாண் கூட இல்லை. விளையாட வந்த பையனோட தங்கச்சி, ஒன்றரை வயசு, உள்ள கிடந்த செவப்புப் பலூன் துண்டை எடுக்க எட்டியிருக்கா. நான் நாலடி தள்ளி நின்னு ஜூஸ் ஊத்திட்டு இருந்தேன். திரும்பினப்போ தெரிஞ்சது ரெண்டு கால் மட்டும்தான். கொலுசு போட்ட கால். அலறல் இல்லை, தண்ணி அடிக்கிற சத்தம் இல்லை, எதுவுமே இல்லை.

தூக்கினதும் இருமினா, அப்புறம் அழுதா. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பார்த்து அனுப்பிட்டாங்க. அவ அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கலை. திட்டியிருந்தா கூட தேவலை. இன்னிக்கும் ராத்திரி பைப் சொட்டுற சத்தம் கேட்டா எழுந்து போய் வாளியைக் கவுத்துட்டு வந்துதான் படுக்குறேன்.

சைதை_மீனா

படிக்கவே கை நடுங்குது. என்னோடது வேற மாதிரி.

2019. மெட்ராஸ்ல இருந்தவங்களுக்கு அந்த வருஷத்தைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் காஞ்சு கிடந்தது. ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி. எங்க அப்பார்ட்மென்ட்ல லாரித் தண்ணி காசு கொடுத்து வாங்குவோம். பொண்ணு அழுதான்னு பின் வாசல்ல பிள்ளைங்களைச் சேர்த்து ஹோஸ் பிடிச்சு விட்டேன்.

கேட்டுக்கு வெளிய ஒரு பாட்டி, இடுப்புல காலிக் குடம். "கண்ணு, அது கீழ போறதுக்கு முன்னாடி ஒரு குடம் பிடிச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. கோபமா இல்லை, ரொம்பப் பணிவா. ரெண்டு குடம் பிடிச்சுக் கொடுத்தேன். அந்தப் பணிவுதான் இன்னும் உறுத்துது. அதுக்கப்புறம் தண்ணி பார்ட்டின்னு யாராவது கூப்பிட்டா என் பொண்ணை நான் அனுப்புறதில்லை.

காவிரிக்கரை

மீனா அக்கா, பாட்டிக்கு நடந்தது மனசைப் பிசையுது. ஆனா அதுக்காகப் பிள்ளையை எங்கயும் அனுப்பாம இருக்கறது சரின்னு எனக்குத் தோணலை. பஞ்சத்துல செஞ்சதுதான் தப்பு, விளையாட்டு தப்பில்லை. பூல் இல்லாம, ஹோஸ் இல்லாம நடத்தலாம். எங்க வீட்ல பன்னெண்டு பிள்ளைங்க, தலைக்கு ரெண்டு வாளி, மொத்தம் 400 லிட்டர் கூட ஆகலை. தென்னை மரத்தடியில வெச்சோம், அவ்வளவும் மரத்துக்குப் போச்சு.

விளையாட்டு நம்ம குளம் கரைதான். மண்ல ஒரு கோடு. "குளம்"னா இந்தப் பக்கம், "கரை"ன்னா அந்தப் பக்கம். தப்பாக் குதிச்சவன் தலைல ஒரு சொம்புத் தண்ணி. அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் வேணும்னே தப்பாக் குதிக்க ஆரம்பிச்சாங்க. அடுத்தது ஓட்டைக் குவளை ஓட்டம்: அடியில ஓட்டை போட்ட டம்ளர்ல தண்ணி மொண்டு ஓடிப் போய் எதிர்ப்பக்கத்து அண்டால ஊத்தணும். அப்புறம் காகிதக் கப்பல். முடிஞ்சதும் பானகமும் நுங்கும். நுங்குத் தண்ணி சட்டைல பட்டா கறை போகாது, பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லுங்க. தார்ப்பாய் விரிச்சு சோப்புத் தண்ணி ஊத்திச் சறுக்க விடறது மட்டும் வேண்டாம், எங்க அக்கா பையனுக்கு மோவாயில நாலு தையல்.

கட்டுமானம்_குமார்

முதல் பதிவுல மொட்டை மாடி பூல்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியலை. குழந்தை விஷயம் அல்ல, வேற ஒண்ணு.

பத்தடிக்கு ஆறடி பூல்ல ஒன்றரை அடி தண்ணின்னா சுமார் 2,500 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆக ரெண்டரை டன், அதுக்கு மேல பிள்ளைங்க. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875, அதாவது கட்டடம் எவ்வளவு பாரம் தாங்கணும்னு சொல்ற இந்தியத் தரக் கணக்குல எடுத்துக்கற பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஒன்றரை அடி தண்ணி மட்டுமே சதுர மீட்டருக்கு 450 கிலோ. மூணு மடங்கு! கட்டடத்துல பாதுகாப்புக்குன்னு கூடுதலா விட்டிருப்பாங்க, அதனாலதான் பல வீட்ல ஒண்ணும் ஆகறதில்லை. பழைய வீடு, கம்பி துருப்பிடிச்ச ஸ்லாப்னா அந்தக் கூடுதலும் போயிருக்கும்.

என் அனுபவம் சின்னதுதான். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. மாடில பிள்ளைங்க பூல்ல குதிக்குதுங்க, கீழ் அறைல சீலிங் பூச்சுல முடி மாதிரி ஒரு விரிசல், நேர் கீழ தொட்டில். தொட்டில்ல கைக்குழந்தை. நான் முதல்ல குழந்தையைத்தான் எடுத்தேன், அப்புறம்தான் மாடிக்குப் போய் பூலைத் திறந்து விடச் சொன்னேன்.

பூல் வேணும்னா தரையில வைங்க. மாடிதான்னா நாலு விரக்கடை தண்ணிக்கு மேல வேண்டாம்.

பல்லாவரம்_அம்மா

குமார் அண்ணா, நாலு விரக்கடைதான் அந்த டப்லயும் இருந்தது.

வார்டு_சிஸ்டர்

ஆமாம்மா. அந்த வயசுல தலைதான் கனம். குப்புற விழுந்தா கையை ஊன்றி எழும்பத் தெம்பு இருக்காது. ரெண்டு அங்குலத் தண்ணி போதும். மூக்கும் வாயும் தண்ணிக்குள்ள இருந்தா கத்த முடியாது, அதனாலதான் உங்களுக்குச் சத்தம் கேக்கலை. உங்க காது குறை இல்லை. நீங்க திரும்பினீங்க, அதுதான் அவளை எடுத்தது.

பார்ட்டில ஒருத்தருக்கு அந்த ஒரே வேலையைக் கொடுங்க. கைல போன் கூடாது, தட்டும் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருத்தர் மாத்திக்கணும். நிறைய பேர் இருந்தா ஆளாளுக்கு அடுத்தவர் பார்க்கறார்னு நினைச்சுப்பாங்க. பலூன் துண்டை அன்னிக்கே பொறுக்கிடுங்க, அதை விழுங்கி மூச்சடைச்சு வர்ற பிள்ளைங்களும் உண்டு. பூலை அப்படியே விட்டா ஒரு வாரம், பத்து நாள்ல டெங்கு கொசு வந்துடும்.

மதுரைக்காரி

எங்க பையன் கேட்டது அழகர் பார்ட்டி. சித்திரைத் திருவிழால தோல் பைல தண்ணி பீய்ச்சறதைப் பார்த்துட்டு வந்தவன். அன்னிக்கு வந்த பிள்ளைங்கள்ல ஒண்ணு மட்டும் சுவரோரமா நின்னுட்டே இருந்துச்சு. காதுல மெஷின், நனையக் கூடாதாம். அழைக்கறப்போ நான் கேக்கவே இல்லை. கடைசில அவனை அழகரா உக்கார வெச்சு, கால்ல மட்டும் தண்ணி விடுங்கன்னோம். சிரிச்சான். ஆனா அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தனியா நின்னானே.

பல்லாவரம்_அம்மா

சிஸ்டர், ரெண்டு தடவை படிச்சேன். நன்றி. இந்த வருஷம் கீழ வேப்ப மரத்தடியில குளம் கரைதான். அந்தக் குட்டியும் வர்றா, அவ அம்மாவே போன் பண்ணிக் கேட்டாங்க. முதல் இருபது நிமிஷம் அவங்க பார்த்துக்கறாங்களாம், அடுத்தது நான்.