ரே பிரைஸ் ஹாங்கி டாங்க்கைக் கைகழுவினாரா?

பழைய இசைத்தட்டு:
1956-இல் 'கிரேசி ஆர்ம்ஸ்' பாடிய அதே டெக்சாஸ்காரர், அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ரே பிரைஸ்தான் 1967-இல் 'டேனி பாய்' பாடினாரா? முன்னதில் பிடிலும் கம்பியில் சறுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரும் அழுகின்றன. பின்னதில் ஒரு வயலின் பட்டாளமே திரண்டு நிற்கிறது. ஹாங்கி டாங்க் என்ற மதுக்கூடக் கன்ட்ரி இசைக்கென்றே பிறந்த குரல், கோட்டு மாட்டிக்கொண்டு கச்சேரி மண்டபத்துக்குப் போய்விட்டது. துரோகம் என்றுதான் சொல்வேன்.

நாலாவது அடி:
பெரிய சொல்லாக எடுத்துவிட்டீர்கள், ஐயா. 'கிரேசி ஆர்ம்ஸ்' பாடலை இன்னொரு முறை கேளுங்கள். குரலை விடுங்கள், பாஸ் என்ற தாழ்சுர வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். அதுவரை ஹாங்கி டாங்க்கில் பாஸ் பெரும்பாலும் நான்கு அடிக்கு இரண்டு முறைதான் விழும்: தொம்... தொம். இதில் அடிக்கு ஒரு சுரம், நிற்காமல் நடக்கிறது. ஆடுகிறவனின் கால் தானாகவே அதற்குள் போய்விடும். கன்ட்ரி பட்டியலில் 20 வாரம் முதலிடம். பிறகு அந்தத் தாளத்துக்கே 'ரே பிரைஸ் ஷஃபிள்' என்று பெயர் வந்தது. நீங்கள் மரபு என்று காவல் காப்பது அவர் செய்த மாற்றத்தைத்தான்.

பழைய இசைத்தட்டு:
தாளத்தை மாற்றுவது வேறு, வீட்டையே காலி செய்வது வேறு. கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில், அந்த இசையின் பெரும்பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுடன் ஒரே வீட்டில் இருந்தவர் அவர். ஹாங்க் 1953-இல் இறந்தபின் அவருடைய வாத்தியக்காரர்களை வைத்துப் பாடியவர். அப்படிப்பட்டவருக்கு இத்தனை வயலின் எதற்கு?

திண்ணை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 1963-இல் வந்த 'நைட் லைஃப்' பாடலை இருவருமே மறந்துவிட்டீர்கள். கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் எழுதியது. அவரே சிலகாலம் பிரைஸின் குழுவில் பாஸ் வாசித்தவர். அதில் ஷஃபிள் இல்லை, பாதி ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தாரின் சோக இசை. ஆனால் படி எம்மன்ஸ் என்பவரின் ஸ்டீல் கிட்டார் பாட்டு முழுக்க முனகுகிறது. 1967-க்கு நான்கு ஆண்டு முன்பே ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தது.

நாலாவது அடி:
சரியாகப் பிடித்தீர்கள். 1970-இல் 'ஃபார் த குட் டைம்ஸ்' பாடும்போதும் அதிலுள்ள பிரிவுத்துயரம் மதுக்கூடத்துடையதுதான். சுற்றி நின்ற வாத்தியங்கள் மட்டுமே வேறு. ('டேனி பாய்' பாடலை நானும் முழுதாகக் கேட்பதில்லை. அது வேறு விஷயம்.)

பழைய இசைத்தட்டு:
அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தாலும் படித்துவிட்டேன். நேற்றிரவு பாஸை மட்டும் மூன்று முறை கேட்டேன். நடக்கத்தான் செய்கிறது. வயலின்களைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறமாட்டேன்.