மீன்தூளுக்குப் பதிலாகச் சேர்க்கும் புரதம்: ஒரு சொல் வேண்டும்

செம்பூரிலிருந்து:
வணக்கம். கெளுத்தி வளர்ப்போருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தீவனத்தில் மீன்தூளைக் குறைத்து சோயா, கடலை, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளக் குளூட்டன் சேர்ப்பது பற்றிய அத்தியாயத்தில் நிற்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக 'தாவரப் புரதப் பதிலி' என்று போட்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஐந்தாறு தடவை வருவதால் வாசிக்கவே மூச்சு வாங்குகிறது. வேறு சொல்லுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
அம்மா, தாவரம் 'ஸ்தாவர'த்திலிருந்து வந்தது, பதில் அரபு வழி வந்தது. புரதம் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். நிலைத்திணை என்று நமக்கே சொல் இருக்கும்போது 'நிலைத்திணைப் புரத ஈடு' எனலாமே? கெளுத்தியையும் கெளிறு என்றே எழுதுங்கள். கழனி மாவின் பழத்தைப் பழன வாளை கதுவும் (கவ்வும்) என்கிறது குறுந்தொகை. வாளையும் கெளிற்றுக்கு உறவுதான், ஆக மரக்கறி உணவு இதற்குப் புதிதில்லை.

வாஷியிலிருந்து:
ஐயா, வாளை மற்ற மீனைப் பிடித்துத் தின்பது. ஒரு மாம்பழத்தை வைத்துத் தீவனக் கணக்குப் போட முடியாது. நான் தீவன ஆலையில் இருக்கிறேன், நிலைத்திணை என்றால் குளத்துக்காரர் மூட்டையைப் பிரிக்கவே யோசிப்பார். 'புண்ணாக்குப் புரதம்' என்று வையுங்கள், எல்லாருக்கும் புரியும்.

மாட்டுங்காவிலிருந்து:
பிண்ணாக்கு என்பதே சரியான வடிவம். வடமொழிப் 'பிண்யாக'த்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், நான் ஏற்கவில்லை. பிழிதலோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல், விரிவாக எழுதுகிறேன்.

செம்பூரிலிருந்து:
ஐயா, அது அப்புறம். குளூட்டன் செக்குப் பக்கமே போகாதது, மக்காச்சோளத்தில் மாவுச்சத்தைப் பிரித்தபின் கிடைப்பது. அதில் புரதம் 60 விழுக்காடு வரை உண்டு, சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48 தான். அதைப் புண்ணாக்கு என்று எழுத மாட்டேன். 'ஈடு' எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் கூறு) குறைவு, பருத்திக்கொட்டையில் உள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருள் லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தைப் பிணைத்து மீனுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். ஈடு என்று படித்தவர் கிலோவுக்குக் கிலோ மாற்றிவிட்டால் மீன் வளராது, நஷ்டம் அவருக்கு.

வாஷியிலிருந்து:
நியாயம். அப்போ 'மாற்றுப் புரதம்'?

செம்பூரிலிருந்து:
புழுத்தூளும் அதில் சேர்ந்துவிடுகிறதே. 'பயிர்ப்புரதம்' எப்படி? எல்லாம் வயலில் விளைந்தவை, சொல்லும் சின்னது.

வாஷியிலிருந்து:
சரி, போடுங்கள். அடைப்புக்குறிக்குள் 'சோயா, கடலை முதலியவை' என்று முதல் தடவை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
பயிர் வயலில் பச்சையாக நிற்பது. அரைத்து மூட்டையில் கட்டியதை அப்படிச் சொல்வதை ஏற்க முடியவில்லை. பெரும்பான்மை அதுவென்றால் அச்சுக்குக் கொடுங்கள், என் மறுப்பு இங்கே இருக்கட்டும். கெளிறு பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.