மழை நேரத்தில் எக்ஸ் தளத்தை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி?

தெருமுனை:
வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சென்னையில் பாதிப் பேர் கையில் எக்ஸ் (பழைய ட்விட்டர்) தான். திறந்தால் நேற்றைய எச்சரிக்கையும் அரசியல் சண்டையும் முதலில் வருது. வானிலைப் பதிவு மட்டும் நேர வரிசையில் வர என்ன செய்யணும்? தெருவில் தண்ணீர் நிற்குதுன்னு மாநகராட்சியை டேக் பண்ணினால், வேலை நடக்கிற மாதிரி எப்படி எழுதுறது?

கனஅடி:
'ஃபார் யூ' பக்கத்தை நம்பாதீங்க, அது நேரத்தைப் பார்த்து அடுக்காது. லிஸ்ட் போடுங்க, நீங்கள் சேர்க்கும் கணக்குகளின் பதிவு மட்டும் அதில் வரும். ப்ரொஃபைல் படத்தைத் தட்டி, 'லிஸ்ட்ஸ்' போய், புதிதாக ஒன்று தொடங்கி 'பிரைவேட்' ஆக்குங்க. சேர்த்த விஷயம் அந்தக் கணக்குக்காரருக்குத் தெரியாது. சேர்க்க வேண்டியவை: சென்னை வானிலை மையம், மாநகராட்சி, போக்குவரத்துக் காவல், மெட்ரோ, நீங்கள் நம்பும் இரண்டு வானிலை ஆர்வலர்கள். பத்தைத் தாண்டினால் மறுபடி சந்தைக்கடைதான். லிஸ்ட்டை 'பின்' (pin) பண்ணினால் முகப்பிலேயே தனி டேபாக நிற்கும்.

பதிவின் மணியைப் பார்க்காமல் எதையும் பகிராதீங்க. 'அடுத்த 3 மணி நேரத்தில் மழை' என்று காலை 10 மணிக்குப் போட்டது பகல் 1 மணிக்குச் செத்துப்போச்சு. அதையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து ராத்திரி வரைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவாங்க.

வார்டுக்காரன்:
புகாருக்கு வருவோம். எக்ஸ் பதிவை மட்டும் நம்பாமல் முதலில் மாநகராட்சியின் 1913-க்குப் போன் பண்ணி, அல்லது 'நம்ம சென்னை' செயலியில் பதிந்து, புகார் எண் வாங்குங்க. அந்த எண்ணோடு எழுதினால்தான் பதில் சொல்பவருக்குப் பிடி கிடைக்கும்.

"எங்க ஏரியாவே மூழ்கிடுச்சு, கேட்க நாதியில்லை" என்பதை வைத்து எந்த வண்டியை எங்கே அனுப்புவாங்க? இப்படி எழுதுங்க: "வார்டு __, __ தெரு 2-வது குறுக்கு, ரேஷன் கடை எதிரே. காலை 6 மணி முதல் முழங்கால் அளவு தண்ணீர். வடிகால் மூடி திறந்திருக்கு. புகார் எண் __."

படம் இரண்டு போதும்: கடைப் பலகை தெரிகிற மாதிரி ஒன்று, ஆழம் தெரிகிற மாதிரி ஒன்று. படத்துக்குள் இருக்கும் இருப்பிடத் தகவலை எக்ஸ் நீக்கிவிடும், அதனால் இடத்தை எழுத்தில் சொல்லியே ஆகணும். தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதிய எண்.

280 எழுத்து வரம்பு தமிழில் சீக்கிரம் தீரும். புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. 'தண்ணீர்' நம் கண்ணுக்கு நாலு எழுத்து, எக்ஸுக்கு ஏழு. வணக்கம், நன்றியெல்லாம் விட்டுடுங்க.

தெருமுனை:
நன்றி சார். மின்கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தாலும் இதே முறைதானா?

வார்டுக்காரன்:
இல்லவே இல்லை. கிட்டே போகாமல், யாரையும் போகவிடாமல், மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன். படம் எடுக்கும் ஆசையே வேண்டாம்.

கனஅடி:
இன்னும் இரண்டு. செல் நம்பரைப் பொதுவில் போடாதீங்க. டேக் பண்ணினதுமே 'கஸ்டமர் கேர்' பெயரில் போலிக் கணக்கு வந்து நம்பர் கேட்கும், அடுத்து ஓடிபி கேட்கும். எந்தக் கணக்கை டேக் பண்ணினீங்களோ அதே கணக்கு கேட்டால் மட்டும் செல் நம்பரைத் தனிச்செய்தியில் கொடுங்க.

உதவி கேட்டுப் போட்ட பதிவை, உதவி வந்ததும் அழிச்சிடுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீட்கப்பட்டவர்களின் பதிவுகளும் சுற்றிக்கொண்டே இருந்துச்சு. அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் ஓடும், அதனால் முதல் பதிவிலேயே தேதியும் மணியும் எழுதிடுங்க.